தேதி ஒன்று, திதி வேறு: ஒரு தூத்துக்குடி வீட்டின் காலண்டர் கணக்கு

2025 ஜூலை 7, திங்கட்கிழமை. திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம். காலை 6.15 முதல் 6.50 வரை நேரம் குறிக்கப்பட்டு, கடற்கரை முழுக்க மக்கள் நின்றிருக்க, கோபுரக் கலசங்களில் புனிதநீர் ஊற்றப்பட்டது.

அந்த நேரம் சுலபமாக முடிவாகிவிடவில்லை. கோயிலின் சடங்குப் பொறுப்பில் இருக்கும் விதாயகர்த்தா தரப்பு, உச்சிப்பொழுதை ஒட்டிய அபிஜித் முகூர்த்தமே சரி, அதாவது பகல் 12.05 முதல் 12.47 வரை என்றது. அறநிலையத் துறை காலை நேரத்தைக் குறித்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. நீதிமன்றம் ஐந்து பேர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தது. குழுவில் பெரும்பான்மைக் கருத்து காலை நேரத்துக்கே சாதகமாக வந்தது. உச்ச நீதிமன்றமும் அந்த நேரத்தில் தலையிட மறுத்துவிட்டது.

ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வானம். அப்படியிருக்க, சாஸ்திரம் படித்தவர்களுக்குள்ளேயே நல்ல நேரம் எது என்பதில் எப்படி இரண்டு கருத்து வருகிறது? வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு தாளில் எத்தனை விஷயம்!

சிவகாசியில் அச்சாகி, தூத்துக்குடி மளிகைக் கடை அண்ணாச்சி வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் காலண்டர்தான் பெரும்பாலான வீடுகளில் பஞ்சாங்கம். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. பக்கத்தில் தமிழ்த் தேதி, இஸ்லாமியத் தேதி. கீழே திதி, நட்சத்திரம், யோகம். அதற்கும் கீழே நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம். கடைசியில் ராசிபலன். நிறைய பேர் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார்கள்!

இவற்றில் ஐந்துதான் பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்கள்: வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம்.

வாரம் என்பது கிழமை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. அமாவாசை அன்று இரண்டும் ஒரே திசையில் இருக்கும். அங்கிருந்து சந்திரன் 12 பாகை முன்னேறினால் ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதிகள். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஒரு திதி சில நேரம் 20 மணி நேரத்துக்குள் முடியும், சில நேரம் 26 மணி நேரத்தைத் தொடும். அதனால்தான் திதி நள்ளிரவில் மாறாமல் மத்தியானம் 1.54-க்கோ மாலை 5.37-க்கோ மாறுகிறது.

நட்சத்திரம் என்பது சந்திரன் நிற்கும் இடம். வான வட்டத்தை 27 பங்காக்கினால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. யோகம், சூரியன் சந்திரன் இரண்டின் நிலைகளையும் கூட்டி வருவது. கரணம், திதியில் பாதி. காலண்டர் தாளில் 'சித்த யோகம்', 'மரண யோகம்' என்று இருப்பது வேறு கணக்கு. அது கிழமையையும் நட்சத்திரத்தையும் சேர்த்துப் பார்ப்பது.

இதுவரை சொன்னதில் கிழமையைத் தவிர மற்றதெல்லாம் வானத்தில் அளந்து பார்க்கக்கூடியவை. ராகு காலம் அப்படியல்ல. பகல் பொழுதை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவது அது. திங்களுக்கு இரண்டாவது பங்கு, சனிக்கு மூன்றாவது, வெள்ளிக்கு நான்காவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது. சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, திங்கள் 7.30 - 9.00 என்று அச்சிடுகிறார்கள்.

தூத்துக்குடியில் சூரியன் அப்படி உதிப்பதில்லை. மே மாதக் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்பாக எழும் சூரியன், பிப்ரவரி தொடக்கத்தில் 6.38 வாக்கில்தான் கடலுக்கு மேலே வருகிறது. அந்த வாரத்தின் திங்கட்கிழமைக்கு உதயத்தை வைத்துக் கணக்கிட்டால் ராகு காலம் சுமார் 8.05-க்குத் தொடங்கி 9.35 வரை போகும். தாளில் உள்ளதற்கும் இதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்!

திருச்செந்தூர் வழக்கின் 'உச்சிப்பொழுது' ஏன் 12 மணியாக இல்லை என்பதற்கும் இதுவே காரணம். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். திருச்செந்தூர் அதற்கு நான்கு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12.20-ஐ ஒட்டி. அபிஜித் முகூர்த்தம் அதைச் சுற்றி அமைகிறது. காலை நேரம் உதயத்துக்குச் சற்றுப் பிந்தியது. அச்சிட்ட தாளின்படி இரண்டுமே ராகு காலத்திலும் இல்லை, எமகண்டத்திலும் இல்லை. வானக் கணக்கில் சண்டை இல்லை. எந்த விதிக்கு முதலிடம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

முத்துக் கடற்கரையில் பல காலண்டர்கள்

தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரே ஊரில் பல காலக்கணக்கு ஓடுவது புதிதல்ல. பனிமய மாதா ஆலயத் திருவிழா ஜூலை 26-ம் தேதி கொடியேறி, ஆகஸ்ட் 5-ம் தேதி முடியும். எந்த ஆண்டும் தேதி மாறாது. அதே மாதா கோயிலில் ஈஸ்டர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஏனென்றால் அது மார்ச் 21-ஐ அடுத்து வரும் பௌர்ணமிக்குப் பிந்தைய ஞாயிறு. அங்கேயும் சந்திரன் வந்துவிடுகிறது. காயல்பட்டினத்தில் பிறை பார்த்து நோன்பு தொடங்குகிறது. திருச்செந்தூரில் வைகாசி விசாகம் நட்சத்திரப்படி வருகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அது அரசாங்கக் காலண்டர்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலே காலண்டராக இருந்தது. வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முந்தைய பங்குனி, சித்திரையில்தான் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் இரவுக் காற்றில் படகுகள் பாருக்குப் போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று பிடித்துக் கரைக்குத் திரும்பும். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. சிப்பிகள் குறைந்துபோன பிறகு அந்தக் காலண்டருக்கு வேலையில்லை.

ஆனால், திதியும் கடலும் இன்னும் பிரியவில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் வர, இரண்டு ஈர்ப்பும் சேர்ந்து கடல் அதிகம் ஏறி அதிகம் இறங்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறுக்காக இழுப்பதால் ஏற்ற இறக்கம் குறையும். மன்னார் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். இருந்தாலும், 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது' என்ற செய்தி வரும்போதெல்லாம் காலண்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் இருக்கும்.

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்தான். இரண்டுமே சந்திரன் எங்கே இருக்கும் என்று ஓராண்டு முன்பே கணக்குப் போட்டு அச்சிடப்படுபவை. ஆனால், ஓத அட்டவணையைக் கடலில் அளந்து சரிபார்க்கிறார்கள். பஞ்சாங்கத்தை எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை. இங்கிருந்துதான் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வழிகளும் பிரிகின்றன.

வாக்கியமா, திருக்கணிதமா?

வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை, வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள். சந்திரன் 248 நாள்களில் ஏறக்குறைய தன் வேக மாற்றத்தின் ஒன்பது சுற்றுகளை முடிக்கிறது. ஒவ்வொரு நாளும் அது எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து, மனப்பாடம் செய்யும் சொற்றொடர்களாக ஆக்கிவைத்தார்கள். காகிதமோ கருவியோ இல்லாமல் ஒருவர் தலைக்குள் வைத்துக்கொண்டே ஓர் ஆண்டின் திதிகளைச் சொல்லிவிட முடிந்தது. எளிய சாதனை அல்ல. பாம்புப் பஞ்சாங்கம், ஸ்ரீரங்கம் பஞ்சாங்கம் போன்றவை இந்த வழியில் வருபவை.

திருக்கணிதத்தில் 'திருக்' என்பதற்குக் கண்ணால் காண்பது என்று பொருள். வானத்தில் கிரகம் உண்மையில் எங்கே தெரிகிறதோ அதற்கேற்பத் திருத்திய கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு நாடெங்கும் சுமார் 30 விதமான காலண்டர்கள் புழங்குவதைப் பார்த்து, 1952-ல் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் மத்திய அரசு ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய காலண்டர் நடைமுறைக்கு வந்தது. அரசு வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கமும் நவீன வானியல் கணக்கில் அமைந்ததுதான்.

இரண்டுக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரலாம். சனி போன்ற மெதுவான கிரகத்துக்கு வித்தியாசம் மாதக்கணக்கில் போகும். சனி மீன ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. ராசிபலன் பார்ப்பவருக்கு இது பேச்சுக்கு விஷயம். ஒரு வீட்டில் இறந்தவருக்குத் திதி கொடுப்பது என்று வரும்போதோ, சில மணி நேரமே பெரிய விஷயம்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று போனவர்

தூத்துக்குடியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய கப்பலைத் தளத்துக்கு இழுத்து வரும் படகு. பையன் கப்பல் படிப்பு படித்து, சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். அப்பாவுக்கும் பையனுக்கும் பேச்சு என்றால் காற்றும் ஓதமும்தான். அம்மாவுக்கு ராகு காலமும் சூலமும்.

2022 ஆகஸ்ட் 31, புதன்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி. தெருவெல்லாம் கொழுக்கட்டை மணக்க, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று மாலை உயிர் பிரிந்தது. பையன் நடுக்கடலில். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட இன்னும் ஆறு நாள் இருந்தது. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன்.

"பிள்ளையார் சதுர்த்தி அன்னைக்குப் போனாவ" என்பது அதன்பின் ஊர்ப் பேச்சானது. நல்ல நாளில் போனவர் என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மாவைத் தேற்றினார்கள். அடுத்த ஆண்டு பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 18-ல் வந்தது. அன்றே திதி கொடுத்தார்கள். 2024-ல் செப்டம்பர் 7. அன்றும் அப்படியே. இரண்டு முறையும் பையன் கப்பலில். பெரியப்பா மகன்தான் செய்தான்.

2025-ல் பையன் ஊரில் இருந்தான். முதல்முறையாக அப்பாவுக்குத் தன் கையால் செய்யப்போகிறான். பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்ட் 27, புதன்கிழமை. கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும், 28-ம் தேதி மதியம் தூத்துக்குடியிலிருந்து சென்னை விமானம். கணக்காகத்தான் அமைந்தது. புதன் திதி, வியாழன் பயணம்.

வழக்கமாக வருபவருக்கு உடல்நலம் இல்லாததால் அந்த ஆண்டு வேறொரு சாஸ்திரிகளைக் கேட்டார்கள். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உயிர் பிரிஞ்ச நேரம் என்னம்மா?"

"சாயங்காலம் சாமி. விளக்கு வைக்கதுக்கு முன்னால."

"மணி?"

அது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இறப்புச் சான்றிதழில் தேதி மட்டும்தான் இருந்தது. அந்த அம்மா பீரோவைத் திறந்து, மருந்துச் சீட்டுகளோடு கட்டிவைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்தார். கடைசித் தாளில் நேரம் எழுதியிருந்தது. மாலை 5.10.

சாஸ்திரிகள் பழைய திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அன்று சதுர்த்தி பிற்பகல் 3.22-க்கே முடிந்திருந்தது. "சதுர்த்தி இல்லைம்மா, பஞ்சமி. ஆவணி, வளர்பிறை, பஞ்சமி."

பண்டிகைக்கு ஒரு விதி, திதிக்கு வேறு விதி என்பதை அவர் விளக்கினார். பிள்ளையார் சதுர்த்திக்கு நடுப்பகலில் சதுர்த்தி இருந்தால் போதும், அந்த நாள் முழுவதும் பண்டிகைதான். இறந்தவருக்கோ உயிர் பிரிந்த நொடியில் எந்தத் திதி நடந்ததோ அதுதான் கணக்கு. காலையில் காலண்டர் தாளில் பார்த்த திதி கணக்கில் வராது.

இன்னொரு சிக்கலும் வெளியே வந்தது. தமிழ்நாட்டு வழக்கப்படி திதிக்கு மாதம் பார்ப்பது சூரிய மாதத்தை வைத்து. ஆவணி மாதத்தில் வரும் வளர்பிறை பஞ்சமி என்று பார்த்தால், 2023-ல் அது ஆகஸ்ட் 21. அவர்கள் செய்த செப்டம்பர் 18-ம் தேதி புரட்டாசி பிறந்துவிட்டது. 2024-ல் செப்டம்பர் 8. அவர்கள் செய்தது முந்தைய நாள். 2025-ல் ஆகஸ்ட் 28. பையன் விமானம் ஏற வேண்டிய அதே நாள்.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். விமானமோ கப்பலோ அவர் நினைப்பில் இல்லை. "அப்போ ரெண்டு வருசமும் அவுக வந்து பாத்துட்டு, இலை போடலைன்னு பசியோட திரும்பிப் போயிருப்பாகளோ?"

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊரே சொல்லுது சதுர்த்தின்னு. ஒரு காயிதத்தைப் பாத்துட்டு மாத்தணுமா? நாளைக்கே முடிச்சிட்டு பையனை நிம்மதியா அனுப்புத வழியைப் பாரு தாயி" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் தன் மகன் செய்ததெல்லாம் வீணா என்ற வருத்தமும் அதற்குள் இருந்தது.

சாஸ்திரிகள்தான் அதைத் தீர்த்துவைத்தார். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது. புரட்டாசி மகாளய பட்சம் விட்டுப்போனவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இருக்கிறது. "தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விட்டீங்களா? மகாளய அமாவாசைக்கு?" என்று கேட்டார். எல்லாம் செய்திருந்தார்கள். "அப்புறம் என்ன? தெரியாம செஞ்சது வீண்போகாது. தெரிஞ்ச பிறகு சரியாச் செய்யணும், அவ்வளவுதான்." பெரியப்பா அதற்குமேல் பேசவில்லை.

கப்பல்காரனின் கணக்கு

அன்று இரவு பையன் தானே ஒருமுறை சரிபார்த்தான். கடல் பயணத்துக்கான நாட்டிகல் அல்மனாக்கில் சூரியனும் சந்திரனும் எங்கே இருக்கும் என்று மணிக்கு மணி கிரீன்விச் நேரப்படி இருக்கும். கப்பலில் அந்த எண்களை வைத்துத் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவன் படித்த வேலை. அதே எண்களிலிருந்து சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியைப் பிடிக்க முடியும். இடைவெளி 48 பாகையைத் தாண்டிவிட்டால் சதுர்த்தி முடிந்து பஞ்சமி. 2022 ஆகஸ்ட் 31 மாலை 5.10-க்கு அது தாண்டியிருந்தது. அப்பா போன நேரத்தில் தன் கப்பலின் கடிகாரம் வேறு மணி காட்டியிருக்கும், வேறு தேதிகூட ஆகியிருக்கலாம். ஆனால், திதி அங்கேயும் பஞ்சமிதான். தேதி இடத்துக்கு இடம் மாறும். சந்திரன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

28-ம் தேதி காலை எமகண்டம் கழிந்து எட்டு மணிக்குச் சாஸ்திரிகள் வந்துவிட்டார். முறைப்படி பிற்பகலில் செய்ய வேண்டியதை, பிள்ளையின் பயணத்துக்காக அவர் முன்னதாக வைத்துக்கொண்டார். அன்று பஞ்சமி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்புவரை இருந்தது. பதினொன்றரைக்குள் பிண்டம் வைத்து, மொட்டை மாடியில் காக்கைக்கும் வைத்தாயிற்று. காக்கை உடனே வரவில்லை. அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். துறைமுகத்தில் கப்பல் ஒன்றின் சங்கு ஒலித்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு காக்கைகள் வந்து சோற்றைக் கொத்தின. அதன்பிறகுதான் அவர் கீழே இறங்கி எல்லோருக்கும் இலை போட்டார்.

வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 மணிவரை. சூலம் தெற்கே. வாகைக்குளம் விமான நிலையம் மேற்கே இருப்பதால் சூலத்துக்குப் பயமில்லை. விமானத்துக்கு இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். ஆனால், அம்மா ஒன்றேகாலுக்கே பையை வாசலில் வைத்துவிட்டார்.

"ம்மா, இன்னைக்கு உதயத்தை வச்சுப் பாத்தா ராகு காலம் 1.50-க்குத்தான் தொடங்குது. கணக்குப் போட்டுக் காட்டவா?"

"நீ கப்பல்ல போயி கணக்குப் போடு ராசா. எனக்கு இந்தத் தாளு போதும். கிளம்பு."

அவன் சிரித்துக்கொண்டே ஒன்று இருபதுக்கு வண்டியில் ஏறினான். அப்பாவின் திதிக்கு நொடிக் கணக்குக் கேட்ட அதே அம்மா, ராகு காலத்துக்கு அச்சடித்த தாளே போதும் என்கிறார். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒன்று, போனவருக்குத் தப்பாமல் செய்ய வேண்டிய கடன். மற்றது, போகிற பிள்ளை பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமே என்ற பயத்தை எங்கேயாவது இறக்கிவைக்க ஓர் இடம்.

எதை நம்புவது?

தாளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கத் தேவையில்லை. திதியும் நட்சத்திரமும் வானத்தில் நடப்பவை, யார் வேண்டுமானாலும் அளந்து சரிபார்க்கலாம். ராகு காலம், எமகண்டம், குளிகை, கௌரி நேரம் எல்லாம் பகலைப் பங்குபோட்டு வைத்த வழக்கங்கள். கரிநாள்கள் மாதத்துக்கு மாதம் நிரந்தரமாகக் குறிக்கப்பட்டவை. பொங்கல் கொண்டாடும் தை முதல் மூன்று நாள்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காக யாரும் பொங்கல் பானையை இறக்கிவைத்துவிடவில்லை. வழக்கத்தை வழக்கமாக வைத்துக்கொள்ளும் புத்தி நம் பாட்டிகளுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. ஆபரேஷனுக்கும் பிரசவ வலிக்கும் ராகு காலம் பார்த்து ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதும் அந்தப் புத்தியில் அடக்கம்.

வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டால், வீட்டு வழக்கம் எதுவோ அதைத் தொடரலாம். ஆனால், ஓர் ஆண்டு இது, மறு ஆண்டு அது என்று மாற்றிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதெல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வேலை உண்டு. நம் வீடுகளில் பிறந்தநாளுக்கு மாதமும் நட்சத்திரமும், இறந்தநாளுக்கு மாதமும் திதியும் பார்க்கிறோம். இரண்டுக்கும் நேரம் வேண்டும். சான்றிதழில் பெரும்பாலும் தேதிதான் இருக்கும். நேரம் இருப்பது ஆஸ்பத்திரிக் காகிதத்தில், அல்லது பக்கத்தில் இருந்தவர் நினைவில். காகிதம் தொலைந்துவிடும், நினைவு மங்கிவிடும். ஊர்ப் பேச்சு மட்டும் மிஞ்சும்.

அந்த அம்மா இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். மாமனார், மாமியார், தன் அப்பா, கணவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாலு வரி: ஆங்கிலத் தேதி, மணி, தமிழ் மாதம், திதி. தெரியாத இடங்களில் கோடு போட்டு விட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பையன் போனில் படம் பிடித்துக் கையோடு கொண்டுபோயிருக்கிறான். இனி எந்தக் கடலில் இருந்தாலும் அப்பாவுக்கு நாள் என்றைக்கு என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா? இல்லையென்றால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.